படநூலும் பூந்தொட்டியும்

நுழையும்முன்

எழுத்துக்கூட்டிப் படிக்க அறியாத குழந்தையும் ஒரு நூலைப் படிக்கும். அதற்குப் படங்களே எழுத்துகள். அத்தகைய குழந்தையின் அருகில் அமர்ந்து பக்கங்களைப் புரட்டுபவர் பெற்றோராகவோ ஆசிரியராகவோதான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆறாம் வகுப்பிலோ ஏழாம் வகுப்பிலோ பயிலும் அக்காவும் அண்ணனும் அப்பணியைச் செவ்வனே செய்யலாம். தோட்டத்தைப் பற்றிய படநூல் ஒன்றைச் சிறு குழந்தைகளோடு பகிர்ந்துகொள்ளும் முறையையும், அந்நூலிலிருந்து செயல்பாடுகளை வளர்த்தெடுக்கும் வழியையும் இப்பாடம் விளக்குகிறது.

1. படநூலின் தொடக்கம்

கதைநூலில் படம் எழுத்துக்குத் துணையாக வரும். படநூலில் அவ்வாறன்று. அங்குப் படமும் எழுத்தும் சம பங்காளிகள். எழுத்து சொல்லாமல் விட்டதைப் படம் சொல்லும். படம் காட்டாததை எழுத்து உணர்த்தும். இரண்டையும் சேர்த்துப் படிப்பவருக்கே கதை முழுமையாகக் கிடைக்கும்.

குழந்தைகளுக்கென்றே உருவாக்கப்பட்ட படநூல்களுள் மிகப் பழையதாகக் கருதப்படும் ஒன்று, 1658ஆம் ஆண்டு செருமனியின் நியூரம்பர்க் நகரில் வெளிவந்தது. அதன் பெயர் ‘ஆர்பிஸ் சென்சுவாலியம் பிக்டஸ்’. புலன்களால் அறியப்படும் உலகத்தைப் படங்களில் காட்டும் நூல் என்பது அப்பெயரின் கருத்து. அதனை எழுதியவர் கொமேனியசு என்னும் கல்வியறிஞர். அவர் சமயப் பூசல்களின் காரணமாகத் தாய்நாடான மொராவியாவை விட்டு வெளியேறிப் பிற நாடுகளில் வாழ்ந்தவர். அந்நூலின் முதற்பதிப்பில் இலத்தீன் மொழியும் செருமானிய மொழியும் அருகருகே அச்சிடப்பட்டிருந்தன. படத்தில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் இடப்பட்டு, அதே எண் அப்பொருளின் பெயருக்கு அருகிலும் இடப்பட்டது. தோட்டத்தைப் பேணுவதற்கென்றே அதில் ஒரு பகுதி உண்டு. மண்ணைக் கொத்திப் பாத்தி அமைக்கும் தோட்டக்காரரைக் கண்டு, அச்செயலின் பெயரைக் குழந்தைகள் இரு மொழிகளிலும் கற்றனர்.

வீட்டில் ஒரு மொழியும் வெளியில் வேறொரு மொழியும் பேசும் குழந்தைக்கு இச்செய்தி மிக நெருக்கமானது. ஏறத்தாழ 370 ஆண்டுகளுக்கு முன்பே, இரு மொழிகளுக்கு இடையே படம் ஒரு பாலமாக நின்றுள்ளது.

இந்தியாவில் குழந்தைகளுக்கான நூல்களை வெளியிடுவதற்காகச் சில அமைப்புகள் தொடர்ந்து உழைத்து வருகின்றன. 1957ஆம் ஆண்டில் நேஷனல் புக் டிரஸ்ட் நிறுவனமும், கேலிச்சித்திரக் கலைஞர் சங்கர் அவர்களால் குழந்தைகள் புத்தக அறக்கட்டளையும் தில்லியில் தொடங்கப்பட்டன. சென்னையிலுள்ள தூலிகா பதிப்பகம் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் படநூல்களை வெளியிடுகிறது. அவற்றுள் இருமொழி நூல்களும் உள்ளன. தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் குடும்பங்களுக்கு அத்தகைய இருமொழிப் படநூல்கள் பெரிதும் பயன்படும்.

2. ஒரு சிறுவனும் ஒரு விதையும்

செயல்பாடுகளை விளக்குவதற்கு எடுத்துக்காட்டாக ஒரு நூலைக் கொள்வோம். 1945ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ‘தி கேரட் சீட்’ என்னும் படநூல் அது. அதனை எழுதியவர் ரூத் கிரவுஸ். படங்களை வரைந்தவர் அவருடைய கணவர் கிராக்கெட் ஜான்சன். நூல் முழுவதிலும் ஏறத்தாழ நூறு சொற்களே உள்ளன. கோடுகளும் எளியவை, வண்ணங்களும் மிகச் சிலவே.

கதை இதுதான். ஒரு சிறுவன் ஒரு கேரட் விதையை ஊன்றுகிறான். அது முளைக்காது என்று தாய் அஞ்சுகிறார். தந்தையும் அவ்வாறே கருதுகிறார். அண்ணனோ முளைக்கவே முளைக்காது என்று உறுதியாகக் கூறிவிடுகிறான். சிறுவன் யாருக்கும் மறுமொழி கூறுவதில்லை. நாள்தோறும் களை பறிக்கிறான், நீர் தெளிக்கிறான். நாள்கள் செல்கின்றன. மண்ணில் ஒன்றும் தோன்றவில்லை. எல்லாரும் முன்பு சொன்னதையே மீண்டும் மீண்டும் சொல்கின்றனர். சிறுவன் தன் வேலையை விடவில்லை. பின்னர் ஒரு நாள் கேரட் முளைத்து வளர்கிறது. தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுசெல்லும் அளவுக்குப் பெரிய கேரட் அது.

இந்நூலின் எழுத்து எந்த மொழியில் இருந்தாலும், படங்களைப் பார்த்துத் தமிழில் கதை சொல்வது எளிது. சொற்கள் குறைவாக இருப்பதால் சொல்பவருக்குத் தடுமாற்றம் நேராது. இந்நூல் கிடைக்காதபோது விதை, செடி, தோட்டம் பற்றிய வேறு எந்தப் படநூலையும் இவ்வாறே பயன்படுத்தலாம்.

3. படிக்கும் முன்

நூலை உடனே திறந்துவிடுதல் கூடாது. முதலில் அட்டைப்படத்தைக் குழந்தை நன்றாகப் பார்க்கட்டும். ‘இந்தச் சிறுவன் என்ன செய்கிறான்? அடுத்து என்ன செய்வான்?’ என்று கேட்கலாம். குழந்தை கூறும் விடை தவறாக இருப்பினும் திருத்த வேண்டியதில்லை. ‘அப்படியா? உள்ளே பார்ப்போமா?’ என்றால் போதும். தான் சொன்னது சரிதானா என்று அறியும் ஆவலே குழந்தையை அடுத்த பக்கத்துக்கு அழைத்துச் செல்லும்.

கதையில் வரும் பொருள்கள் இரண்டு மூன்றினை முன்னரே எடுத்து வைத்துக்கொள்வது நன்று. ஒரு கேரட், சிறிதளவு விதை, ஒரு பிடி மண் ஆகியவை போதும். குழந்தை கேரட்டை முகர்ந்து பார்க்கட்டும். மண்ணைத் தொட்டுப் பார்க்கட்டும். தில்லியிலும் பிற வட இந்திய நகரங்களிலும் குளிர்காலத்தில் சிவந்த நிறக் கேரட் கடைகளில் குவிந்திருக்கும். உதகையிலிருந்து வரும் கேரட் செம்மஞ்சள் நிறமுடையது. இரண்டும் கிடைத்தால் அருகருகே வைத்து ஒப்பிடச் செய்யலாம்.

4. படிக்கும்போது

குழந்தையை மடியிலோ அருகிலோ அமர்த்தி, படம் இருவருக்கும் தெரியுமாறு நூலைப் பிடிக்க வேண்டும். பலர் கூடியிருந்தால், சொல்பவர் நூலைப் பக்கவாட்டில் உயர்த்திப் பிடித்துக் கேட்பவர்களை நோக்கிப் பேச வேண்டும். விரைவாகப் படித்தல் ஆகாது. ஒவ்வொரு பக்கத்திலும் குழந்தையின் கண் எங்கே நிற்கிறதோ, அங்கே சொல்பவரும் சற்று நிற்க வேண்டும்.

இக்கதையில் ஒரே கருத்து மீண்டும் மீண்டும் வருகிறது. அவ்விடங்களில் குழந்தையைப் பேச விடலாம். ‘அம்மா என்ன சொன்னார்?’ என்று கேட்டவுடன் ‘முளைக்காது!’ என்று குழந்தை கூறும். அப்பா, அண்ணன் என ஒவ்வொருவர் வரும்போதும் குரலை மாற்றிச் சொல்லச் செய்யலாம். மூன்றாம் முறை அச்சொல் குழந்தையின் நாவில் தானே வந்து நிற்கும். இலக்கணம் கற்பிக்காமலே ‘முளைக்கும்’, ‘முளைக்காது’ என்னும் இரு வினைகளின் வேறுபாடு அதற்குப் புரிந்துவிடும்.

விதையைச் சுட்டிக் காட்டிக் குழந்தை ‘பீஜ்’ என்று இந்தியில் கூறலாம். அப்போது ‘தமிழில் பேசு’ என்று கடிந்துகொள்வதால் பயனில்லை. கடிந்துகொள்ளப்பட்ட குழந்தை அடுத்த முறை பேசாமலே இருந்துவிடும். ‘ஆம், விதை. எவ்வளவு சிறிய விதை!’ என்று இயல்பாகக் கூறிக் கதையைத் தொடர்வதே முறை. குழந்தைக்கு அப்பொருள் தெரியும். அதற்கு மற்றொரு பெயரும் உண்டு என்பதை மட்டுமே அது கற்க வேண்டும்.

5. படித்த பின்: விதைக்கும் வேலை

கதை முடிந்ததும் குழந்தை கேட்கும் முதற்கேள்வி, ‘நாமும் விதைக்கலாமா?’ என்பதாகவே இருக்கும். தோட்டம் இல்லாத அடுக்ககத்திலும் இதற்கு வழி உண்டு. அடியில் துளையிட்ட ஒரு பழைய டப்பா, மண், மக்கிய எரு, வெயில் படும் ஒரு சன்னல் ஓரம் ஆகியவை போதும்.

எந்த விதையைத் தேர்ந்தெடுப்பது என்பது இன்றியமையாத கேள்வி. சிறு குழந்தைக்கு ஒரு வாரம் என்பது மிக நீண்ட காலம். ஆகவே, விரைவில் முளைக்கும் விதை ஒன்றையும் மெதுவாக முளைக்கும் விதை ஒன்றையும் சேர்த்து விதைப்பது நல்லது.

• பாசிப்பயறு: ஓர் இரவு ஊறவைத்து ஈரத்துணியில் கட்டினால் ஓரிரு நாளில் முளைவிடும்.
• வெந்தயம், கடுகு: மண்ணில் தூவினால் மூன்று முதல் ஐந்து நாளில் தலைகாட்டும்.
• கொத்தமல்லி: ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். விதையை மெல்லத் தேய்த்து இரண்டாகப் பிளந்து விதைக்க வேண்டும்.
• கேரட்: ஒன்று முதல் மூன்று வாரம் வரை ஆகலாம். பிடுங்கி நடுவதை விரும்பாத செடி. ஆழமான தொட்டியில் நேரடியாக விதைக்க வேண்டும்.

முதல் மூன்றும் சமையலறை அஞ்சறைப்பெட்டியிலும் பயறு டப்பாவிலும் கிடைப்பவை. இங்கு ஒரு சிறு சோதனையும் செய்து பார்க்கலாம். ஒரு கிண்ணத்தில் பாசிப்பயற்றையும், மற்றொரு கிண்ணத்தில் பாசிப்பருப்பையும் ஊறவைக்க வேண்டும். பயறு முளைக்கும், பருப்பு முளைக்காது. தோல் நீக்கி இரண்டாக உடைக்கும்போது விதையினுள் இருக்கும் முளைக்கரு சிதைந்துவிடுவதே காரணம். முழுமையாக இருப்பது பயறு, உடைத்தது பருப்பு என்னும் வேறுபாடு தமிழ்ச் சொற்களிலேயே அமைந்துள்ளது. அதனை அகராதியில் தேட வேண்டியதில்லை. இரு கிண்ணங்களே காட்டிவிடும்.

விதைக்கும் முறை எளிது. தொட்டியில் மண்ணையும் எருவையும் கலந்து நிரப்ப வேண்டும். விரல் நுனியால் சிறு கோடு கிழித்து அதில் விதைகளை இட வேண்டும். விதையின் பருமனைப் போல் இரண்டு மூன்று மடங்கு மண்ணால் மூடினால் போதும். பின்னர்ப் பூவாளியால் மென்மையாக நீர் தெளிக்க வேண்டும். குவளையிலிருந்து கொட்டினால் விதைகள் நீரோடு அடித்துச் செல்லப்படும். ஒவ்வொரு வேலையையும் குழந்தையே செய்ய வேண்டும். மண் தரையில் சிந்துவது இயல்பே. அடியில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்துவிட்டால் அக்கவலையும் நீங்கும்.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

• மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விதையை வாயிலோ மூக்கிலோ காதிலோ இட்டுக்கொள்வர். ஆகவே, பெரியவர் ஒருவர் அருகில் இருத்தல் வேண்டும்.
• கடையில் விற்கும் விதைப் பொட்டலங்களில் சில பூச்சிமருந்து பூசப்பட்டவை. அவை பெரும்பாலும் இளஞ்சிவப்பு, நீலம் போன்ற செயற்கை நிறத்தில் இருக்கும். அவற்றைக் குழந்தையின் கையில் தருதல் கூடாது.
• குன்றிமணியும் ஆமணக்கு விதையும் அழகாக இருப்பினும் கொடிய நச்சுடையவை. அவற்றை விளையாட்டுக்கும் பயன்படுத்தக் கூடாது.
• மண்ணைத் தொட்ட கைகளைச் சோப்பினால் கழுவிய பின்னரே எதையும் உண்ண வேண்டும்.

6. காத்திருக்கும் நாள்கள்

விதைப்பதற்கும் முளைப்பதற்கும் இடைப்பட்ட நாள்களே கடினமானவை. கதையில் வரும் சிறுவனும் அந்நாள்களைத்தான் கடந்தான். அக்காலத்தில் செய்வதற்குப் பல செயல்பாடுகள் உள்ளன.

நாட்குறிப்பு: ஒரு நாளுக்கு ஒரு கட்டம் என ஒரு தாளில் கட்டங்கள் வரைந்து கொடுக்க வேண்டும். குழந்தை அன்று தொட்டியில் கண்டதை அதில் வரையட்டும். ஒன்றும் தோன்றவில்லையெனில் வெறும் மண்ணை வரையட்டும். அக்கா அதன் கீழ் ஒரே ஒரு தமிழ்ச் சொல்லை எழுதலாம்: ‘மண்’, ‘ஈரம்’, ‘முளை’, ‘இலை’.

நூல் அளவு: முளை வெளிவந்த பின், ஒவ்வொரு நாளும் செடியின் உயரத்துக்கு ஒரு நூல்துண்டு வெட்டித் தாளில் வரிசையாக ஒட்டலாம். அளவுகோலைப் படிக்க அறியாத குழந்தைக்கும் செடி வளர்வது கண்ணுக்குத் தெரியும்.

நடிப்பு: குழந்தை தரையில் சுருண்டு விதையாகப் படுக்கட்டும். ஒருவர் மழையாகவும் ஒருவர் வெயிலாகவும் வரட்டும். விதை முதலில் காலை நீட்டி வேர் விடட்டும்; பின்னரே கையை உயர்த்திக் குருத்து விடட்டும். உண்மையான விதையிலும் வேரே முதலில் வெளிவரும். முளைகட்டிய பயற்றைப் பார்த்து அதனை உறுதிசெய்யலாம்.

தரம் பிரித்தல்: வெந்தயம், கடுகு, கொத்தமல்லி, பயறு ஆகியவற்றை ஒரு தட்டில் கலந்து வைத்துத் தனித்தனியாகப் பிரிக்கச் சொல்லலாம். உருண்டை, நீளம், சிறியது, பெரியது, வழவழப்பு, சொரசொரப்பு என்னும் சொற்கள் விளையாட்டிலேயே பழகிவிடும்.

இருளும் ஒளியும்: ஒரே நாளில் இரு டப்பாக்களில் வெந்தயம் விதைத்து, ஒன்றைச் சன்னலிலும் மற்றொன்றை அலமாரிக்குள்ளும் வைக்க வேண்டும். இரண்டும் முளைக்கும். ஆனால், இருளில் வளர்ந்தது வெளிறி நெடிதாக நிற்கும். தமிழ்நாட்டுச் சிற்றூர்த் திருவிழாக்களுக்காகப் பெண்கள் முளைப்பாரி வளர்க்கும்போது, வெயில் படாத அறையில் வைத்துத் தானியங்களை இவ்வாறுதான் வளர்க்கின்றனர். வட இந்தியாவிலும் நவராத்திரி நாள்களில் பல வீடுகளில் பார்லி விதைத்து முளைக்க வைப்பதைக் குழந்தைகள் கண்டிருப்பர். இரு வழக்கங்களையும் பற்றி வீட்டில் பேசுவதற்கு இச்சோதனை நல்ல வாய்ப்பாக அமையும்.

7. முளைக்காவிட்டால்

கதையில் விதை முளைத்தது. வீட்டுத் தொட்டியில் அவ்வாறே நிகழும் என்பதற்கு உறுதியில்லை. அப்போது என்ன செய்வது?

தில்லியில் ஓர் அடுக்ககத்தில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். அக்கா ஏழாம் வகுப்பு மாணவி. தம்பிக்கு வயது நான்கு. கேரட் கதையைப் படித்த மறுநாள், அக்டோபர் மாதத்தில், இருவரும் இரண்டு தொட்டிகளில் விதைத்தனர். ஒன்றில் வெந்தயம், மற்றொன்றில் கேரட். நான்காம் நாள் வெந்தயம் முளைத்தது. தம்பி வீடெங்கும் ஓடி அனைவரிடமும் கூறினான். ஆனால், கேரட் தொட்டியில் இருபது நாள் ஆகியும் ஒன்றும் தோன்றவில்லை.

“கதையில் வந்ததே, அக்கா? நானும் நாள்தோறும் தண்ணீர் ஊற்றினேனே!” என்று தம்பி கேட்டான்.

அக்காவுக்கு ஓர் எண்ணம் தோன்றியது. கடையிலிருந்து இலையோடு கூடிய கேரட் ஒன்றை வாங்கி, தம்பி உறங்கும்போது மண்ணில் செருகிவிட்டால் என்ன? காலையில் அவன் முகம் மலருமே! அன்பினால் தோன்றிய எண்ணந்தான் அது. எனினும், அவ்வாறு செய்திருந்தால் தம்பி ஒரு பொய்யைக் கற்றிருப்பான். மறுமுறை விதைக்கும்போது ஏன் முளைக்கவில்லை என்பதை அவன் ஒருபோதும் அறிய மாட்டான். அக்கா அதைச் செய்யவில்லை. “ஏன் முளைக்கவில்லை என்று தோண்டிப் பார்ப்போமா?” என்று கேட்டாள்.

இருவரும் ஒரு கரண்டியால் மண்ணைக் கிளறினர். மண் சேறாக இருந்தது. அழுகிய வாடை வீசியது. தம்பி ஒரு நாளில் ஐந்து முறை நீர் ஊற்றியிருந்தான். விதை முளைப்பதற்கு நீர் வேண்டும், காற்றும் வேண்டும், ஏற்ற வெப்பமும் வேண்டும். மண்ணின் இடைவெளிகள் முழுவதும் நீரால் நிரம்பிவிட்டால் விதைக்குக் காற்று கிடைக்காது; அது அழுகிவிடும். “நீ கெடுத்துவிட்டாய்” என்று அக்கா கூறவில்லை. “விதைக்கு மூச்சு முட்டிவிட்டது. இனி மண்ணைத் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் நீர் தெளிப்போம்” என்றாள்.

நவம்பரில் மீண்டும் விதைத்தனர். இம்முறை தம்பி ஒவ்வொரு காலையும் விரலை மண்ணில் வைத்துப் பார்த்த பின்னரே பூவாளியை எடுத்தான். பன்னிரண்டாம் நாள் மயிரிழை போன்ற பச்சை முளைகள் சில தோன்றின. அவற்றைப் புல் என்று எண்ணித் தாய் பறிக்க முனைந்தபோது, தம்பி ஓடிவந்து தடுத்தான்.

பிப்ரவரி இறுதியில் பிடுங்கிய கேரட் தள்ளுவண்டியில் வைக்கும் அளவினதன்று. தம்பியின் விரல் நீளமே இருந்தது. சற்றே வளைந்தும் இருந்தது. அதைக் கழுவி நான்கு துண்டுகளாக்கி வீட்டில் அனைவரும் உண்டனர்.

அன்று இரவு தம்பி மீண்டும் அந்நூலை எடுத்து வந்தான். இம்முறை அவன் பார்வை வேறு பக்கங்களில் நின்றது. சிறுவன் களை பறிக்கும் படத்தையும் நீர் தெளிக்கும் படத்தையும் காட்டி, “இவன் கொஞ்சமாகத்தான் ஊற்றுகிறான், அக்கா” என்றான். முன்பு கதையின் முடிவை மட்டுமே கேட்ட குழந்தை, இப்போது அம்முடிவுக்கு இடைப்பட்ட உழைப்பைக் கண்டது. கதையில் வரும் சிறுவன் நம்பினான் என்பது உண்மை. நம்பியதோடு நில்லாமல் நாள்தோறும் வேலை செய்தான் என்பதும் அப்படங்களிலேயே உள்ளது.

8. செடிகளின் இளமைப் பெயர்கள்

தொட்டியில் வளர்வது எதுவாயினும் அதைச் ‘செடி’ என்று கூறிவிடலாம். ஆனால், தமிழ் மொழி அத்துடன் அமையவில்லை. இளம்பயிர்களுக்கு அவற்றின் வகைக்கு ஏற்ப வெவ்வேறு பெயர்களை வழங்கியுள்ளது. நெல், கேழ்வரகு ஆகியவற்றின் இளமை ‘நாற்று’. மா, வாழை ஆகியவற்றின் இளமை ‘கன்று’. தென்னையின் இளமை ‘பிள்ளை’. பனையின் இளமை ‘வடலி’. பசுவுக்குரிய கன்றும் மனிதருக்குரிய பிள்ளையும் மரங்களுக்கும் உரியவாயின.

இலைக்கும் இவ்வாறே பல பெயர்கள் உள்ளன. மாமரத்துக்கு இலை, நெல்லுக்குத் தாள், கரும்புக்குத் தோகை, பனைக்கும் தென்னைக்கும் ஓலை. மொழியறிஞர் தேவநேயப் பாவாணர் இத்தகைய சொற்களைத் தொகுத்துத் தம் கட்டுரையில் விளக்கியுள்ளார். நிலத்தோடு நெருங்கி வாழ்ந்த மக்கள் ஒவ்வொன்றையும் கூர்ந்து நோக்கி வேறுபடுத்தியதால் பிறந்த சொற்கள் இவை.

வயலையும் தோப்பையும் விடுமுறையில் மட்டுமே காணும் குழந்தைகளிடம் இச்சொற்கள் முதலில் மறையும். பட்டியலாக எழுதி மனப்பாடம் செய்வதால் அவை நிலைப்பதில்லை. படநூலில் ஒரு தென்னை வரும்போது ‘இது தென்னம்பிள்ளை’ என்றும், தொட்டியில் களை முளைக்கும்போது ‘வா, களை பறிப்போம்’ என்றும் கூறினால், செயலோடு சேர்ந்து சொல்லும் மனத்தில் பதியும்.

9. கதையைத் திருப்பிச் சொல்லுதல்

இச்செயல்பாடுகளுக்கெல்லாம் நிறைவாகக் குழந்தை தன் கதையைத் தானே சொல்ல வேண்டும். நாட்குறிப்புத் தாள்களை அடுக்கி ஓரத்தில் தைத்தால் அதுவே ஒரு படநூலாகிவிடும். அட்டையில் குழந்தையின் பெயரை எழுதியவர் பெயராக எழுதலாம். பின்னர் அந்நூலைத் தமிழ் மட்டுமே அறிந்த ஒருவருக்குப் படித்துக் காட்டச் செய்ய வேண்டும்.

மேற்கூறிய குடும்பத்தில் மதுரைக்கு அருகிலுள்ள ஊரில் வாழும் அப்பத்தாவே அதைக் கேட்டார். தொலைபேசியின் திரையில் ஒவ்வொரு பக்கமாகக் காட்டியபடி தம்பி கூறினான்:

“இது மண், அப்பத்தா. இதுவும் மண். இதுவும் மண்தான். இங்கே பாருங்கள், முளை!”

“எத்தனை நாள் காத்திருந்தாய், ராசா?” என்று அப்பத்தா கேட்டார்.

தம்பிக்கு எண் தெரியவில்லை. மண் வரைந்த கட்டங்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துத் தமிழில் எண்ணத் தொடங்கினான். ஏழுக்குப் பின் சற்றுத் தயங்கினான். மறுமுனையில் அப்பத்தா “எட்டு” என்றார். அவன் தொடர்ந்து எண்ணினான்.

சொல்லும் பொருளும்

செவ்வனே – நன்றாக, முறையாக
பாத்தி – செடி வளர்ப்பதற்காக வரம்பு கட்டிய நிலப்பகுதி
களை – பயிருக்கு இடையூறாக வளரும் செடி
பூவாளி – நீர் தெளிக்கப் பயன்படும், துளைகளுள்ள வாயுடைய கலம்
எரு – மக்கிய சாணம், தழை முதலிய உரம்
குருத்து – புதிதாக வெளிவரும் இளந்தளிர்
வடலி – இளம் பனை

பயிற்சி

அ) ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. கதைநூலுக்கும் படநூலுக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. கொமேனியசின் நூலில் பொருளும் பெயரும் எவ்வாறு இணைக்கப்பட்டன?
3. பயறு முளைக்கிறது, பருப்பு முளைப்பதில்லை. ஏன்?
4. முதன்முறை விதைத்த கேரட் ஏன் முளைக்கவில்லை?

ஆ) பொருத்துக.
1. தென்னை – கன்று
2. வாழை – வடலி
3. நெல் – பிள்ளை
4. பனை – நாற்று

இ) சிந்தித்து எழுதுக.
1. தம்பி உறங்கும்போது அக்கா கேரட்டை மண்ணில் செருகியிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்?
2. கதையில் வரும் தாய், தந்தை, அண்ணன் மூவரும் முளைக்காது என்று கூறினர். அவர்களுள் ஒருவருடைய இடத்தில் இருந்தால் நீ என்ன கூறியிருப்பாய்?

ஈ) செயல் திட்டம்
வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள சிறு குழந்தை ஒன்றுக்குத் தோட்டம் பற்றிய படநூலைத் தமிழில் சொல்லுக. இருவரும் சேர்ந்து வெந்தயமோ கடுகோ விதைத்துப் பத்து நாள் நாட்குறிப்பு வரைக. அக்குழந்தை புதிதாகக் கற்ற ஐந்து தமிழ்ச் சொற்களையும், அக்குழந்தையிடமிருந்து நீ கற்ற ஒன்றையும் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.